வெள்ளிக்கிழமைப் பச்சைச் சுவர்

1

எங்கள் ஊர்ச் சங்கம் மலர் போடுகிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாவது வரைக்கும் போனவன். குவைத்தில் குடிதண்ணீர் லாரி ஓட்டுகிறேன். எழுத என்ன இருக்கிறது என்று பல நாள் சும்மா இருந்தேன்.

போன லீவில் மகளை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிப் போனேன். எழுதுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

என் மனைவி ரஹிமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எய்துங்க. நடந்தத அப்டியே எய்துங்க" என்றாள். மற்றவர்கள் பேரை மாற்றியிருக்கிறேன். என் அறையில் இருக்கிறவர்கள் படித்தால் திட்டுவார்கள். திட்டட்டும்.

2

முதலில் இங்கே நாங்கள் வீட்டுக்கு எப்படிப் பேசுகிறோம் என்று சொல்லவேண்டும்.

எங்கள் அறையில் ஆறு பேர், அதில் நாலு பேர் ஒரே ஊர். இரண்டடுக்குக் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் கயிறு, கயிற்றில் ஈரத்துணி. ஏசி மேலே சொட்டும். கீழே ஒரு வாளி. இந்த அறையை எவனும் வீட்டுக்குக் காட்டுவதில்லை.

பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம். எல்லாம் கம்பெனி ஆபீஸ்கள். வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். வாசலில் பளிங்குச் சுவர். முன்னால் தொட்டியில் ஒரு செடி. ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அங்கே போவோம். கீழே கைலிதான். போனில் கைலி தெரியாது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் போய் நிற்பார். அந்தச் செடிக்கு நாங்கள்தான் தண்ணீர் ஊற்றுகிறோம். செத்துவிட்டால் வேறு இடம் தேடவேண்டும்.

எங்கள் ஊர் புதுப்பட்டினத்தில் நாலு வீட்டில் அந்தச் செடியைப் பார்த்திருக்கிறார்கள். நாலு பெண்களும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் மாட்டிக்கொள்வோம். அந்த பயம் எப்போதும் உண்டு.

என் மகள் சமீராவுக்கு ஒன்பது வயது. "அத்தா, உங்க வூடு பளபளன்னு கீது" என்பாள். நான் செடியைக் காட்டுவேன்.

அந்தப் பக்கம், அவளுக்குப் பின்னால் பச்சைச் சுவர் இருக்கும். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அவளும் ரஹிமாவும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் உட்காருவார்கள். மற்ற நாளில் பேச்சு மட்டும், படம் இல்லை. சமீராவின் தலைக்குப் பின்னால் காரை பெயர்ந்த இடம் ஒன்று தெரியும். ஆட்டுத்தலை மாதிரி இருக்கும், ஒரு கொம்போடு. நான் போன முறை வந்து போன பிறகு வீட்டுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புதுச் சுவரில் அதற்குள் காரை ஏன் பெயர்ந்தது என்றும் நினைத்தேன். மேஸ்திரி ஏமாற்றிவிட்டான் என்று அந்த மேஸ்திரிமேல் எனக்குக் கோபம். அவன் யார் என்றே தெரியாது.

3

லீவுக்கு முன்னால் என் பத்தாக்கா முடிந்தது. இங்கே குடியிருக்கிறவனுக்குக் கொடுக்கும் அட்டை. புதுப்பிக்கப் போனால் விரலை மெஷினில் வைக்கச் சொல்வார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பிடித்து என் விரல்ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. மெஷின் எடுக்காது. அங்கே உட்கார்ந்திருக்கிற பெண் அட்டையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். இது நீதானா என்று கேட்பாள். எனக்குத் தெரிந்த அரபியில் நான்தான் என்பேன். அவசரத்தில் இந்தி கலந்துவிடும். அதற்கும் ஒரு பார்வை பார்ப்பாள். ஒவ்வொரு விரலாக வைத்து, கடைசியில் ஏதாவது ஒரு விரல் நான்தான் என்று சொல்லும்.

இப்படி நிரூபித்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

வீடு நீலமாக இருந்தது. போன முறை நான் அடித்த அதே நீலம். கூடம், உள்ளறை, சமையல்கட்டு எல்லாம் நீலம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் பச்சை இல்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"வெள்ளிக்கெழம பேசுவியே, அந்தப் பச்சைச் சுவர் எங்க?"

ரஹிமா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எந்தப் பச்ச? போன்ல நீலம் பச்சையாத்தான் தெரியும்."

அவள் கொடியில் துணி போடப் போனதும் என் போனில் சுவரைப் படம் எடுத்தேன். நீலம் நீலமாகத்தான் இருந்தது. சுவரை நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். உள்ளே வெள்ளை. ஆட்டுத்தலை எங்கும் இல்லை.

அப்போதிலிருந்து தூக்கம் கெட்டது.

எங்கள் பக்கத்தில் லீவில் வருகிறவனிடம் எதையும் சொல்லமாட்டார்கள். வந்தவன் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். ஒரு தடவை என் அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். மச்சான் எங்கே என்றேன். வேலூர் போயிருக்கிறார் என்றார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன். குவைத்தில் வந்து இறங்கினதும் போன் வந்தது. மச்சான் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு அன்றைக்கு உள்ளறையில்தான் படுத்திருந்தாராம். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை சத்தம் போடாமல் இருந்தாராம்.

அதனால் ஊரில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் எனக்கு பயமாக இருக்கும்.

இந்த முறை தெருவில் பார்க்கிறவர்கள் கேட்டதும் சரியாகப் படவில்லை. எப்போதும் "எப்ப வந்த, எப்ப போற" என்று சேர்த்துக் கேட்பார்கள். இந்த முறை "எப்ப போற" மட்டும்தான் கேட்டார்கள்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஹிமா சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நிச்சயத்துக்குப் போனாள். சமீராவை வெளியே கூட்டிப்போய்ச் சாப்பிட வைக்கிறேன் என்றேன்.

"கல்பாக்கத்துலயே எங்கனா சாப்புடுங்க" என்றாள்.

"மாமல்லபுரம் போறோம்."

"அங்க இன்னாத்துக்கு? ஞாயித்துக்கெழம ஒரே கூட்டமா இருக்கும். வெயிலு வேற."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் கல்பாக்கத்திலேயே சாப்பிட்டிருப்போம்.

பக்கத்து வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வருகிற சமீரா அன்று பேசவில்லை. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கை காட்டினார்.

"பாப்பா! இன்னா, அம்மாவ ரெண்டு வாரமா ஆளையே காணோம்?"

சமீரா வேறு பக்கம் பார்த்தாள்.

"யார் அது?"

"தெரியாது அத்தா. அவரு எல்லாரையும் அப்டித்தான் கூப்புடுவாரு."

எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவார் என்பது தெரியாத ஆளைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தமாட்டான். இன்னொரு தடவை கேட்கிறதா என்று பார்ப்பான்.

கல்தச்சர் பட்டறைகள் இருக்கிற தெருவில் வண்டியை விட்டேன். மெஷினில் கல் அறுக்கிற சத்தம். தூசி. வெள்ளைக்காரர்கள் வருகிற ஒரு ஓட்டலை சமீரா காட்டினாள். குடை போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"அத்தா, இங்க போலாம். பாஸ்தா கெடைக்கும்."

"உனக்கு பாஸ்தா பிடிக்குமா?"

"ரொம்ப."

முந்தின வாரம் கல்யாண வீட்டில் அதைத் தொடாமல் வைத்தவள்.

எதிரே ஒரு சின்னக் கடை. போர்டு இல்லை. வாசலில் பரோட்டாக் கல். நிறைய வண்டிகள் நின்றன. புருவம் வரைக்கும் கல்தூசியோடு ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வேலை செய்கிற ஆட்கள் சாப்பிடுகிற இடத்தில்தான் நான் சாப்பிடுவேன். எந்த நாட்டிலும் அப்படித்தான்.

"அங்க வேணாம் அத்தா. நல்லாவே இருக்காது."

"சாப்பிட்டிருக்கியா?"

வாயை மூடிக்கொண்டாள். நான் வண்டியை நிறுத்தினேன்.

5

உள்ளே போனதும் பார்த்தேன். மூலையில் ஒரு மேஜை. அதற்குப் பின்னால் பச்சைச் சுவர். சுவரில் ஆட்டுத்தலை, ஒரு கொம்போடு.

நான் அந்த மேஜையில் போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவது என்று தோன்றவில்லை. சமீரா கை கழுவப் போனாள். கழுவுகிற இடம் சிலிண்டருக்குப் பின்னால், ஒரு திரைக்குள் இருந்தது. யாரையும் கேட்காமல் போனாள்.

கல்லில் நின்ற பரோட்டா மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். முடியைத் தூக்கி வாரியிருந்தான். சட்டைப் பையில் சீப்பு. அவளைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தான்.

"அடடே, சமீரா பாப்பா! இன்னா..."

அப்புறம் என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. என் முகம் அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும்?

"வாங்க பாய்" என்றான். கையில் இருந்த மாவு கீழே விழுந்தது.

என் மனதில் என்ன ஓடியது என்று எழுதவேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். அந்தச் சீப்பைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரோட்டா வந்தது. மாஸ்டரே கொண்டுவந்து வைத்தான். சமீராவின் தட்டில் மட்டும் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவைத்து இருந்தது. அவள் அப்படித்தான் சாப்பிடுவாள். அவள் அப்படிச் சாப்பிடுவாள் என்று எனக்கே இந்த லீவில்தான் தெரியும்.

சமீரா தொடவில்லை. நானும் தொடவில்லை.

பக்கத்து மேஜையில் ஒரு கல்தச்சர் சால்னாவில் விரலை விட்டுப் பார்த்தார். பெரிய குரல் அவருக்கு.

"மாஸ்டரு! இன்னா சால்னா இது? தண்ணி லாரி எதுனா கவுந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

"பேஜாரு பண்ணாத அண்ணாத்த. துன்னுட்டுப் போ."

"அக்கா எப்ப வரும்? அத்தச் சொல்லு மொதல்ல."

மாஸ்டர் கரண்டியால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த இன்னொருவர் சொன்னார்.

"உனக்குத் தெரியாதா? அக்கா வூட்டுக்காரரு ஃபாரின்லேந்து வந்துகிறாரு. அவரு இருக்கசொல்லோ அக்கா வராது."

"எப்ப போவாராம்?"

"அடுத்த மாசம்னு சொன்னாங்கோ."

"அடுத்த மாசமா! அதுவரைக்கும் இத்தயா துன்றது? யாராச்சும் பேசி அந்தாள சீக்கிரம் பிளேன்ல ஏத்தி வுடுங்கப்பா. வேல கீது, வா வான்னு அரபி சேட்டுகிட்டேந்து ஒரு போன் வந்தாப் போதும், ஓடிடுவாரு."

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கூட்டத்தில் சிரித்தால் சிரித்துவிடுகிற பழக்கம், குவைத்தில் மொழி தெரியாத இடத்தில் வந்தது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் பேசினது என்னைப் பற்றி. ஒரு கடையே நான் எப்போது ஊரை விட்டுப் போவேன் என்று காத்துக்கொண்டிருக்கிறது.

சமீராவைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அம்மா இங்க வேலை செய்யுதா?"

"வேல இல்ல அத்தா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது அம்மா கடைதான்."

"எப்போலேருந்து?"

"நீங்க போன தபா போனீங்க இல்ல? அதுக்கப்புறம். வெள்ளிக்கெழம கூட்டம் ஜாஸ்தி, அதனால நானும் வருவேன். நீங்க போன் பண்ணா ரெண்டு பேரும் இங்க வந்து குந்திக்குவோம். மஸ்தான் மாமா எல்லாரையும் சத்தம் போடாதீங்கன்னு சொல்லிடுவாரு."

மஸ்தான் என்பது மாஸ்டர் பேர்.

வெள்ளிக்கிழமைகளை நினைத்துப் பார்த்தேன். நான் பளிங்குச் சுவரில் நின்று சாப்பிட்டாச்சா என்று கேட்கும்போது, இந்தக் கடையில் இத்தனை பேர் பரோட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்திருக்கிறார்கள்.

"அத்தா, கடைய மூடச் சொல்லிடுவீங்களா?"

எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

"ரெண்டு பரோட்டா பார்சல்" என்றேன். "சால்னாவோட."

6

வரும்போது அவள் என் இடுப்பைப் பிடிக்கவில்லை. சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ரஹிமா ஒரு தடவை போனில் கேட்டது வழியில் ஞாபகம் வந்தது. மாமல்லபுரத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறது, எல்லாரும் தன் கைச் சமையலை நன்றாக இருக்கிறது என்கிறார்கள் என்று ஏதோ சொன்னாள். அப்போது லாரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் வேணாம்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவளும் மறுபடி கேட்கவில்லை. கேட்காததால் முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

அதெல்லாம் சரி. அந்தச் சீப்பு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கடை அவளுடையது என்றால் அவன் யார்? ஒரு சந்தேகம் தீர்ந்தால் அதன் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் ரஹிமா நிச்சயத்துக்குப் போய்வந்த புடவையை இன்னும் மாற்றவில்லை. பார்சலைப் பாயில் வைத்தேன்.

"எங்க சாப்ட்டீங்க?"

"மாமல்லபுரத்துல."

அதற்கு மேல் கேட்கவில்லை. சமீரா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ரஹிமா பார்சலைப் பிரித்தாள். சால்னாக் கவரின் முடிச்சை அவிழ்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பொட்டுக்கடல."

இன்னொரு தடவை தொட்டு நாக்கில் வைத்தாள்.

"பொட்டுக்கடலைய அரைச்சி ஊத்திகினு கீறான் படுபாவி! படிச்சிப் படிச்சி சொன்னேன். கசகசா டப்பா மேல்தட்டுலதான கீது, எடுத்துப் போட இன்னா நோவு அவனுக்கு? எத்தினி பேரு..."

நின்றுவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கவரை மறுபடி முடிச்சுப் போட்டுத் தரையில் வைத்தாள்.

"அவனுக்குப் போன் போடு" என்றேன்.

"யாருக்கு?"

"கசகசா போடாதவனுக்கு."

என்னையே பார்த்துக்கொண்டு போனை எடுத்தாள். எதிரில் நான் இருப்பதை அரை நிமிஷத்தில் மறந்துவிட்டாள்.

"டேய் மஸ்தானு! கை இன்னா வெளங்காமப் போச்சா உனக்கு? தலைய வாரிக்கினு நிக்க மட்டும் தெரியுது? ... பேசாத. வாயத் தொறக்காத. அந்தக் குண்டானக் கொண்டுபோய் கால்வாயில கொட்டு. கொட்டிட்டு எனக்குப் போட்டோ அனுப்பு..."

போனில் அவன் குரல் கேட்டது. அக்கா, அக்கா என்று கெஞ்சினான். ஒரு பெண் இப்படித் திட்டுகிற ஆளை அவள் புருஷன் சந்தேகப்பட முடியாது. என் சந்தேகம் அங்கேதான் போனது. எனக்கு அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது.

போனை வைத்தாள். 

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. வேணாம்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லல."

"ஊருக்கே தெரியுது."

"ஊரு இங்க இருக்குது."



"நீலச் சுவர் பச்சையா மாறினா எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு வூட்டுச் சொவரு இன்னா கலருன்னு எங்க ஞாபகம் இருக்கப்போவுதுன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அன்றைக்கு நடந்ததில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

கதவுக்குப் பின்னாலிருந்து சமீரா கேட்டாள். "கடைய மூடணுமா?"

"பரோட்டாவ எடுத்துவை" என்றேன். "பசிக்குது. அங்க ஒண்ணும் சாப்பிடல."

"அந்தக் கருமத்தத் துன்னாதீங்க" என்று ரஹிமா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அம்மியில் கசகசா அரைபடுகிற சத்தம் கேட்டது.

7

அடுத்த நாள் காலை ரஹிமா கடைக்கு பஸ் ஏறினாள். கண்டக்டர் விசில் ஊதி வரவேற்றாராம். லீவு முடிகிறவரை நானும் போனேன். கடைக்குத் தண்ணீர் பிடித்து வைத்தேன். இங்கேயும் தண்ணீர், அங்கேயும் தண்ணீர். பெரிய குரல் கல்தச்சர் மூன்றாம் நாள்தான் நான் யார் என்று தெரிந்துகொண்டார். அன்று முழுக்க என் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டார். அவர் தண்ணீர் குடிக்கும்போது நானே போய்ச் சொன்னேன்.

"அண்ணாத்த, நான் போகல. இங்கயே இருந்துடலாம்னு பார்க்கிறேன்."

அவருக்குப் புரையேறிவிட்டது.

பிறகு லீவு முடிந்து குவைத்துக்கு வந்துவிட்டேன். விமான நிலையத்தில் விரலை வைக்கச் சொன்னார்கள். இது நீதானா என்றார்கள். கட்டைவிரல் ஒப்புக்கொண்டது.

வந்த முதல் வெள்ளிக்கிழமை. குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு பளிங்குச் சுவருக்குப் போனேன். செடி வாடியிருந்தது. நான் இல்லாதபோது யாரும் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினேன். போனை எடுத்தேன். மறுபடி பையில் வைத்துக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன்.

அந்தப் பக்கம் பச்சைச் சுவர் இல்லை. ஆவி, அடுப்பு, பெரிய குண்டான். ரஹிமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரோ பரோட்டா கேட்டுக் கத்தினார்கள். அவளும் திரும்பிக் கத்தினாள். அப்புறம் போனை உற்றுப் பார்த்தாள். கண் சுருங்கியது.

"இது எந்த எடம்? யாரு ரூமு?"

"என் ரூமு."

"பளிங்கு?"

"அது பக்கத்துக் கட்டடம்."

கரண்டி குண்டானில் பட்டது. நான் போனைத் திருப்பி அறையைக் காட்டினேன். கயிறு, துணி, வாளி எல்லாம்.

"இன்னும் இன்னா இன்னா கீது?" என்றாள்.

"அவ்வளவுதான்."

நம்பின மாதிரி தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

சமீரா நடுவில் தலையை நீட்டினாள். எனக்கு மேலே எதையோ பார்த்தாள்.

"அத்தா, அது யாரு காலு?"

மேல்கட்டிலில் இருந்து இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"சுலைமான் மாமா காலு."

"எங்க கிளாஸ் ஆயிஷாவோட அத்தாவா? அவரு பளிங்கு வூட்டுலல்ல இருக்காருன்னு ஆயிஷா சொல்லிச்சி? வாசல்ல செடிகூட கீதாமே?"

கால்கள் இரண்டும் மேலே போய்விட்டன.